ஊசியில்லாப் பரிசோதனை யாருக்காக?

மனித சரீரத்துக்குள் பிராணவாயுவின் காரணமாக நாள்தோறும் நிகழும் சேதத்தை, நரம்பில் ஊசி குத்தி இரத்தம் எடுக்காமலே, ஒரு குப்பிச் சிறுநீரைக்கொண்டும் சிறிதளவு உமிழ்நீரைக்கொண்டும் அளந்தறியும் முறைகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகத்து ஆராய்ச்சிசாலைகளில் பிறந்து, வளர்ந்து, பயன்படும் பருவத்தை எட்டியிருக்கின்றன. 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று இக்காலத்து விஞ்ஞானத் தமிழில் வழங்கும் அந்தச் சேதத்தைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, 'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' என்னும் சொல்லை நெற்றியில் எழுதிய மாத்திரைகளும் பானங்களும் பொடிகளும் கடைகடையாக வந்து குவியும் இந்நாளில், ஊசியில்லாத இந்தப் பரிசோதனை எவர் கைக்கு முதலில் போய்ச் சேரப்போகிறது என்பது விஞ்ஞானிகள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமன்று. பணமுள்ளவர் தம் இளமையை அளந்து பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்வதற்கான வியாபாரச் சாதனமாக அது ஆகிவிடுமா, அல்லது தூசியிலும் புகையிலும் நஞ்சிலும் நின்று உழைக்கும் ஜனங்களின் பணியிடத்தையும் அடுப்படியையும் திருத்துவதற்கான பொதுச் சாட்சியமாக அமையுமா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி. இரண்டாவது வழியே நியாயமானதென்பதும், அதை மதுரை ஜில்லாவின் சமவெளியில், எங்கள் திருவாதவூர் போன்ற ஊர்களிலிருந்து தொடங்க வேண்டுமென்பதும் என் திடமான அபிப்பிராயம்.

மேலூருக்குத் தெற்கே, வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே அமைந்துள்ள திருவாதவூரை மாணிக்கவாசகர் அவதரித்த தலமாகத் தமிழுலகம் அறியும். ஓவாமலைக் குகைத்தளத்திலுள்ள தமிழ்ப் பிராமி எழுத்துக்களைக்கொண்டு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமண முனிவர் இங்கே உறைந்தனர் என்று சரித்திர ஆசிரியர்கள் கூறுவர்; திருமறைநாதர் சந்நிதியில் வாதநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு இன்றும் வெளியூர் ஜனங்கள் வந்து வணங்கிச் செல்கிறார்கள். இத்தகைய பழம்பெருமை வாய்ந்த ஊரைச் சுற்றிய வட்டாரத்தின் இன்றைய ஜீவனமோ, 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் கால்வாய் வழியே மேலூர்ப் பக்கம் வந்து சேர்வதை எதிர்பார்த்து நிற்கும் நெல் விவசாயத்தையும், மழை பொய்த்த காலத்தில் கிடைக்கும் கூலி வேலையையும் நம்பியிருப்பது. முதுகிலே ஸ்பிரேயரைச் சுமந்து, முகத்துக்கு ஒரு துண்டைத் தவிர வேறு காப்பின்றி வயலுக்குப் பூச்சிமருந்து அடிப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். எரிவாயு உருளை வீட்டில் இருந்தும், அதை மறுபடி நிரப்பும் செலவுக்கு அஞ்சிச் சீமைக்கருவேல விறகையே மூட்டிச் சமைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். கீழவளவு முதலான ஊர்களின் கிரானைட் குவாரிகளிலும் கல் உடைக்கும் கிரஷர்களிலும் வேலை பார்த்தவர்கள் மேலூர் வட்டாரமெங்கும் இருக்கிறார்கள். 2012-இல் அந்த கிரானைட் குவாரிகளின் முறைகேடுகள் வெளிப்பட்டபோது, அரசாங்கத்துக்கு நேர்ந்த நஷ்டம் எத்தனை கோடி என்று நாடு முழுவதும் கணக்குப் பேசப்பட்டது. அங்கே துளைபோட்டவர்களின் சுவாசத்துக்கு நேர்ந்த நஷ்டம் என்ன என்று கேட்டவர் மிகச் சிலர். அந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு கருவி இப்பொழுது கிடைத்திருக்கிறது என்பதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

கருவியின் தன்மையை அறிவதற்கு முன் அது அளக்கும் பொருளின் தன்மையைச் சற்று நிதானமாக அறிந்துகொள்ள வேண்டும். நாம் உட்கொள்ளும் ஆகாரத்தை உயிரணுக்கள் பிராணவாயுவின் துணையால் எரித்துச் சக்தியாக மாற்றுகின்றன. இந்த ஓயாத வேள்வியில், பிராணவாயுவின் ஒரு சிறு பங்கு நீராக முடிவுறாமல், இணையற்ற எலக்ட்ரானைத் தாங்கிய தீவிர வடிவங்களாகத் தப்பி வெளிப்பட்டு, பக்கத்திலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளையும் தாக்குகின்றது. 'ஃப்ரீ ராடிக்கல்' எனப்படும் இவ்வடிவங்களே முதுமைக்குக் காரணம் என்ற கொள்கையை டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1956-இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றை அடக்குவதற்கென்றே உயிரணுக்கள் ஒரு நொதியை வைத்திருக்கின்றன என்பதை 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தனர். தாக்குதலும் தற்காப்பும் சமநிலையில் இருக்கும்வரை ஆரோக்கியம், தாக்குதல் மிஞ்சினால் சேதம் என்ற கருத்துக்கு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்ற பெயரைத் தந்து 1985-இல் நிலைநாட்டியவர் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ். ஆனால் இந்தத் தீவிர வடிவங்களை முற்றிலும் பகையென்று எண்ணுவது பெரும் பிழை. நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்லும்போது இவற்றையே ஆயுதமாக எறிகின்றன. கடின உழைப்பின்போது தசைகளில் இவை சற்று மிகுவதே, அவ்வுழைப்புக்கு ஏற்ப உடம்பைப் பழக்கும் சமிக்ஞையாகவும் அமைகின்றது. ஆகையால் அளவே இங்கு முக்கியம். அளக்காமல் அடக்க முயல்வது அவிவேகம்.

இவ்வடிவங்களோ தோன்றிய கணத்திலேயே மறைந்துபோகிறவை. அவற்றை நேரே பிடித்து எண்ணுவது சாதாரணமாக இயலாத காரியம். தேர் ஓடிய வீதியில் சக்கரத் தடம் கிடப்பதுபோல, அவை தாக்கிய இடத்தில் விட்டுச்செல்லும் இரசாயனச் சுவடுகளையே விஞ்ஞானிகள் தேடினார்கள். டி.என்.ஏ.யில் அத்தகைய தாக்குதலால் உண்டாகும் 8-ஹைட்ராக்ஸி-டிஆக்ஸிகுவானோசின் என்னும் பொருளை ஜப்பானிய ஆய்வாளர்களான கசாயும் நிஷிமுராவும் 1984-இல் அறிவித்தார்கள். உடம்பு தன் மரபுப்பொருளைச் செப்பனிடும்போது வெட்டி எறியப்படும் இப்பொருள் சிறுநீரில் வெளியேறுவதால், அதை அங்கேயே அளக்கலாம் என்று 1989-இல் கலிபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸின் ஆய்வுக்குழு காட்டியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் மாரோவும் ராபர்ட்ஸும், உயிரணுச் சவ்வின் கொழுப்பு எந்த நொதியின் உதவியுமின்றி ஃப்ரீ ராடிக்கல்களால் சிதையும்போது பிறக்கும் ஐசோப்ரோஸ்டேன் என்ற பொருள்களைக் கண்டார்கள். இன்றைக்கு இத்துறையின் மிக நம்பகமான சுவடு எது என்று கேட்டால் பெரும்பாலான ஆய்வாளர்கள் இவற்றையே சுட்டுவார்கள். கொழுப்புச் சிதைவின் மற்றொரு விளைவாகிய மாலோண்டையால்டிஹைடு உமிழ்நீரிலும் அளக்கப்படுகிறது. குளிரூட்டிய குழாயில் பத்து நிமிஷம் வரை மூச்சுவிடச் செய்து, அந்த மூச்சு குளிர்ந்து திரளும் நீர்த்துளிகளில் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் ஐசோப்ரோஸ்டேனையும் தேடும் முறையும் உண்டு. கண்ணீரில்கூட இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

ஊசியில்லாத பரிசோதனை என்றவுடன், இரத்தப் பரிசோதனைக்கு வசதியில்லாதவர்களுக்கான இரண்டாந்தரமான மாற்று என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருப்பதால், எடுத்த மாதிரியை உடனே உறைய வைக்காவிட்டால் சோதனைக்குழாயிலேயே ஆக்சிஜனேற்றம் தொடர்ந்து, உடம்பில் இல்லாத சேதத்தைக் குழாய் உண்டாக்கிக் காட்டிவிடும். சிறுநீரில் கொழுப்பு மிகக் குறைவாதலால் அந்த அபாயம் பெரிதும் நீங்குகின்றது. மேலும் இரத்தம் அந்த ஒரு நொடியின் நிலைமையைக் காட்டும். இரவு முழுவதும் சேர்ந்த சிறுநீரோ பல மணி நேரத்தின் மொத்தக் கணக்கைத் தரும். சமூக நோக்கில் பார்த்தாலோ இதன் நன்மை இன்னும் பெரிது. சோகை பிடித்த தாய்மார்கள், இருக்கிற இரத்தமே போதாமல் தள்ளாடுகையில் அதையும் எடுப்பதா என்று அஞ்சி மருத்துவ முகாமின் வாசலிலிருந்தே திரும்பிப்போவதை கிராமத்தில் பழகியவர்கள் அறிவார்கள். குழந்தைகளுக்கோ ஊசி என்ற சொல்லே பீதி. ஒரே மனிதரை வருஷத்தில் பல முறை, விதைப்புக் காலத்திலும் மருந்தடிப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அளந்தால்தான் சுற்றுச்சூழலின் விளைவு புலப்படும் என்றால், அவர் மறுக்காமல் தரக்கூடிய மாதிரி எதுவோ அதுவே உத்தமமான மாதிரி.

சிறுநீரைக்கொண்டு உடம்பின் நிலையை அறிவது நம் தேசத்துக்குப் புதியதுமன்று. நீர்க்குறி, நெய்க்குறி என்று இதற்கென்றே தனிப் பகுதி வகுத்துள்ள சித்த வைத்திய சாஸ்திரத்தில், தேரையர் வழிவந்த மரபு நோயாளியின் சிறுநீரில் ஒரு துளி எண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்று குறித்தது. இந்நாளைய இரசாயனத்துக்கும் அந்த முறைக்கும் உறவு காட்ட முயல்வது இரண்டுக்குமே நன்மை செய்யாது. ஆயினும் மாதிரியை எடுப்பதற்கு அம்மரபு விதித்த ஒழுங்கு, இன்றைய ஆய்வுக்கூடங்கள் தலைமேல் வைத்துக் கற்கத் தக்கது. முதல்நாள் ஒன்றுக்கொன்று பகையான உணவுகளை நீக்கி, அகாலத்தில் உண்ணாமல், அளவோடு உண்டு உறங்கி, வைகறையில் கண்ணாடிக் கலத்தில் சிறுநீரைப் பிடித்து, ஒரு முகூர்த்த காலத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த விதி. எண்ணைத் தரும் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், மாதிரி கெட்டால் எண் கெடும் என்ற சத்தியத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இந்த ஒழுங்கின் அவசியம் இப்பொழுது பன்மடங்கு பெருகியிருக்கிறது. சிறுநீரின் செறிவு நாளுக்கு நாள் மாறுவதால், அதிலுள்ள கிரியாட்டினின் அளவைக்கொண்டு எண்ணைச் சரிக்கட்டுவது வழக்கம். கிரியாட்டினினோ தசையிலிருந்து பிறப்பது. சித்திரை வெயிலில் நாள் முழுதும் வியர்வை வடியக் கல் சுமந்தவரின் செறிந்த சிறுநீரையும், தசை வற்றிய முதியவளின் நீர்த்த சிறுநீரையும் அந்த ஒரே சரிக்கட்டலால் ஒப்பிட்டால், சேதம் இல்லாத இடத்தில் சேதமும் உள்ள இடத்தில் சுகமும் தோன்றிவிடக்கூடும். உமிழ்நீர் எடுப்பது இன்னும் எளிது. ஆனால் ஈறு கசிந்தால் இரத்தம் அதில் கலக்கும். வெற்றிலை, புகையிலை போட்ட வாயின் உமிழ்நீர் சரீரத்தின் செய்தியைவிட வாயின் செய்தியையே மிகுதியாகச் சொல்லும். அன்றைக்கே கடுமையாக உழைத்தவரிடம் சற்று உயர்ந்து காணும் எண் ஆரோக்கியமான உழைப்பின் அடையாளமாகவும் இருக்கலாம். டி.என்.ஏ.யின் சுவடு சிறுநீரில் மிகுந்தால் சேதம் மிகுந்ததா, செப்பனிடும் வேலை சுறுசுறுப்பாக நடப்பதா என்பதையும் அந்த ஓர் எண்ணால் தீர்மானிக்க இயலாது. அளக்கும் முறையிலும் பேதம் உண்டு: எதிர்ப்புரதத்தைக்கொண்டு இயங்கும் 'எலைசா' என்ற மலிவான கருவிப்பெட்டி, நிறப்பிரிகையும் நிறை நிறமாலையும் சேர்ந்த நுட்பமான கருவியைவிட உயர்ந்த எண்களைத் தருகிறது என்பதை, ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் பல ஒன்றுகூடி மாதிரிகளைப் பகிர்ந்து ஒப்பிட்டபோது கண்டன. ஆகவே இந்தப் பரிசோதனையின் ஒரே ஓர் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, 'உமக்கு இன்ன நோய் வரப்போகிறது, இந்த மாத்திரையைத் தின்னும்' என்று தனி மனிதர் ஒருவரிடம் சொல்வதற்கு இன்றைய சாஸ்திரத்தில் இடமில்லை.

மாத்திரையைப் பற்றிய இந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் தேடி மதுரையை விட்டு வெளியே போக வேண்டியதும் இல்லை. கண்ணின் வில்லை ஒளிபுகாமல் மங்கும் கண்புரை நோய்க்கு ஆக்சிஜனேற்றச் சேதம் ஒரு காரணம் என்று கருதப்படுவதால், அதை எதிர்க்கும் சத்துக்களைக் கொடுத்தால் புரை வளர்வது தாமதப்படுமா என்று அறிய, அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து மதுரையைச் சுற்றிய கிராமப்புறத்தில் ஐந்தாண்டுப் பரிசோதனை ஒன்றை நடத்தினார்கள். முப்பத்தைந்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட 798 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் சி, ஈ இரண்டும், மற்றொரு பகுதியினருக்குச் சத்தில்லாப் போலி மாத்திரையும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது உண்பவருக்கும் கண்ணைச் சோதிப்பவருக்கும் மறைக்கப்பட்டிருந்தது. 2006-இல் வெளியான முடிவு ஒளிவுமறைவற்றது: இரு பகுதியினருக்கும் கண்புரை வளர்ந்தது, வளர்ந்த வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இச்சத்துக்கள் குறைந்த ஆகாரத்தை உண்டுவந்த ஜனங்களிடத்திலேயே மாத்திரை பயன் தரவில்லை என்றால், நிறைய உண்பவருக்கு அதை விற்பதில் நியாயம் என்ன? நம் கிராமத்து மக்கள் ஐந்து வருஷ காலம் பொறுமையோடு ஒத்துழைத்து உலகத்துக்கு ஈட்டித் தந்த இந்த ஞானம், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் காதுக்கே எட்டாமல் போய், விளம்பரத்தின் குரல் மட்டும் எட்டுவது வருந்தத்தக்கது.

பிற நாட்டு அனுபவமோ இன்னும் கடுமையானது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான பரிசோதனையில், பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகமாகவே கண்டது; பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக்கொண்ட அமெரிக்கப் பரிசோதனை ஒன்று இதே காரணத்தால் 1996-இல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை உண்டுகொண்டே தேகப்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு, அந்தப் பயிற்சியால் வர வேண்டிய நன்மை ஒன்று வராமலே தடைப்பட்டது என்று 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் உண்ண வேண்டாமென்று இதற்குப் பொருளில்லை. காயும் கீரையும் கனியும் ஆகாரம் என்ற முறையில் நல்லவையே. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சத்தைக் குப்பியில் அடைத்து, எந்த அளவும் இல்லாமல் விழுங்கச் சொல்வதையே நான் மறுக்கிறேன்.

அப்படியானால் இந்தப் பரிசோதனையின் உண்மையான பிரயோஜனம் எங்கே இருக்கிறது? ஒரே சூழலில் உழைக்கும் பலரை ஒரு கூட்டமாகவும், அச்சூழலுக்கு வெளியே உள்ள அவர்களைப் போன்றவர்களை மற்றொரு கூட்டமாகவும் வைத்து, ஒரே முறையில், ஒரே ஒழுங்கில், காலம் விட்டுக் காலம் அளக்கும்போது, தனி மனிதரின் எண்ணில் உள்ள தடுமாற்றங்கள் கூட்டத்தின் சராசரியில் பெரும்பாலும் அடங்கி, சூழலின் கைவரிசை வெளிப்படுகிறது. மாரோவும் அவரைச் சார்ந்தோரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த உதாரணம்: புகைபிடிப்பவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் ஐசோப்ரோஸ்டேன்கள் மிகுந்திருந்தன, அவர்கள் புகையை இரண்டு வாரம் விட்டபோது இரத்தத்தில் அந்த அளவு இறங்கியது. மாத்திரை எதுவும் கொடாமல், தீங்கை விலக்கியதனாலேயே எண் இறங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருவி செய்யக்கூடிய உத்தமமான காரியம் இதுதான்: தீங்கு இருக்கிறது என்று காட்டுவது, அதை விலக்கிய பின் உடம்புக்குள் உண்மையிலேயே குறைந்ததா என்று சரிபார்ப்பது.

குவாரித் தொழிலாளியின் கதியை எடுத்துக்கொள்வோம். கிரானைட்டில் கணிசமான பங்கு குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிகா. புதிதாக உடைந்த படிகத்தின் மேற்பரப்பே ஃப்ரீ ராடிக்கல்களைத் தோற்றுவிக்கக்கூடியது. நுரையீரலின் ஆழத்துக்குப் போன தூளை விழுங்கவரும் காவல் அணுக்கள், ஜீரணிக்க முடியாத அந்தக் கல்லோடு போராடித் தம் ஆயுதத்தை ஓயாமல் எறிந்து, கடைசியில் தம்மைச் சுற்றியுள்ள மென்மையான திசுவையே தழும்பாக்கி விடுகின்றன. சிலிகோசிஸ் என்னும் அந்த வியாதிக்குக் குணமாக்கும் மருந்து இல்லை. தூசியை விட்டு விலகிய பிறகும் அது வளரக்கூடியது. காசநோயென்று தவறாக எண்ணப்பட்டு, அதற்குரிய மருந்தை மாதக்கணக்கில் உண்டு நலிந்தவர்கள் நாடெங்கும் உண்டு. சட்டப்படி அரசாங்கத்துக்கு அறிவித்தே தீர வேண்டிய தொழில்நோய் அது. செக் நாட்டு ஆய்வாளர்கள் சிலிகாவிலும் ஆஸ்பெஸ்டாஸிலும் உழைத்து நோயுற்றவர்களின் குளிர்ந்த மூச்சுநீரைச் சோதித்து, அதில் 8-ஐசோப்ரோஸ்டேன் உயர்ந்திருப்பதை எழுதியிருக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் தழும்பு தெரியும் நாளில் காலம் கடந்துவிட்டிருக்கும்; அதற்கு முன்னரே சுவடு தெரியுமானால், தண்ணீர் தெளித்துத் துளைபோடும் முறையையும் தரமான முகக்கவசத்தையும் கட்டாயமாக்கும்படி கேட்பவர்களின் கையில் ஒரு சாட்சியம் இருக்கும். மேலூர் வட்டாரத்துக் குவாரிகளில் ஒரு காலத்தில் இளைஞராக நின்றவர்கள் இன்று நடுவயதை எட்டியிருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்போய் மூச்சையும் சிறுநீரையும் சோதிப்பது, காலத்தோடு செய்தால் மட்டுமே பயன்படும் கடமை.

அடுப்புப் புகையைப் பற்றிய விஷயத்தில் தமிழ்நாடு ஏற்கெனவே உலகத்துக்கு வழிகாட்டிய ஆராய்ச்சியில் பங்கு கொண்டிருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஸ்தாபனத்தின் ஆய்வாளர்கள், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய 'ஹாபின்' பரிசோதனையில், விறகில் சமைத்த கர்ப்பிணிகள் சுமார் 3,200 பேரில் ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்தூசி பெருமளவு குறைந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை என்று 2022-இல் முடிவு வெளியாயிற்று. புகையை ஒழிப்பது வீண் என்பது இதன் பொருளாகாது. காற்றில் ஒன்றையும் தொட்டிலில் மற்றொன்றையும் அளந்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே தாயின் சரீரத்துக்குள் நிகழ்ந்ததை அளக்காமல் விட்டால் நம் அறிவு பாதியில் நின்றுவிடும் என்பதையே இதிலிருந்து நான் உணர்கிறேன். அந்த நடுப்பகுதிக்கு வெளிச்சம் தரக்கூடியது, தாய்க்கு வலியில்லாமல் மாதந்தோறும் எடுக்கக்கூடிய சிறுநீர் மாதிரியே. பூச்சிமருந்து அடிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். பல பூச்சிமருந்துகள் உயிரணுவின் ஆக்சிஜனேற்றச் சமநிலையைக் குலைப்பவை என்பது ஆய்வுக்கூடங்களில் பல முறை கண்ட உண்மை.

இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமே மாத்திரை ஒழுங்காகப் போய்ச்சேராத கிராமத்தில், பெயரைச் சொல்லவே நாக்குத் தடுமாறும் இந்தப் பரிசோதனைக்கு என்ன அவசரம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதால் அதற்கு நேர்மையான விடை சொல்லியாக வேண்டும். இது எல்லோருக்கும் எப்பொழுதும் செய்ய வேண்டிய பரிசோதனை என்று நான் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் அன்றாட வைத்தியத்திலிருந்து ஒரு ரூபாயைக்கூட இதற்காகத் திருப்ப வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு வீடாகச் சென்று வருகிறார்கள். தேர்ந்தெடுத்த சில ஊர்களில், தேர்ந்தெடுத்த சில தொழிலாளர் குடும்பங்களில், வருஷத்துக்குச் சில முறை ஒரு குப்பியைக் கொடுத்து வாங்குவது அவர்களுக்குப் பெருஞ்சுமை ஆகாது. மருந்தில்லாத நோயை அளப்பதால் என்ன பயன் என்பது மற்றோர் ஆட்சேபம். சூழலால் வரும் சேதத்துக்குச் சூழலைத் திருத்துவதே மருந்து. அந்த மருந்தைக் கொடுக்க வேண்டியவர்கள் முதலாளியும் சட்டசபையும் அதிகாரியும் ஆவர். அவர்களை அசைப்பதற்கு எண் வேண்டும்.

ஊசியில்லை என்பதே ஓர் அபாயத்தையும் உடன் கொண்டுவருகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. இரத்தம் கொடுப்பவர் எதற்கென்று கேட்பார்; சிறுநீரையோ உமிழ்நீரையோ கொடுப்பவர் கேளாமலே கொடுத்துவிடுவார். அந்த எளிமையைச் சாதகமாக எடுத்துக்கொண்டு, குவாரி உரிமையாளர் தம் தொழிலாளிகளைச் சோதித்து, எண் உயர்ந்தவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டு, தூசியை அப்படியே வைத்துக்கொள்வாரானால், தொழிலாளியைக் காக்க வந்த கருவி அவர் வாயிலேயே மண்ணைப் போட்டதாகும். ஆகையால் முழு விளக்கமும் சுதந்திரமான சம்மதமும் இல்லாமல் ஒரு துளியும் எடுக்கலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2017-இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்கள் இதற்கே வகுக்கப்பட்டவை. தனி மனிதரின் எண் அவருக்கு மட்டுமே உரியதாகவும், கூட்டத்தின் எண் மட்டுமே பொதுவில் வைக்கப்படுவதாகவும் இருக்க வேண்டும்.

இவற்றை மனத்தில் கொண்டு, அரசாங்கத்திடமும் மதுரையின் கல்வி ஸ்தாபனங்களிடமும் நான் வேண்டுவது இதுவே. மதுரை மருத்துவக் கல்லூரியும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஒன்றுகூடி, சிறுநீரில் ஐசோப்ரோஸ்டேனையும் டி.என்.ஏ.யின் சுவட்டையும் நிறை நிறமாலை முறையில் அளக்கும் ஒரு பொது ஆய்வுக்கூடத்தை இப்பிரதேசத்துக்கென்று நிறுவ வேண்டும். மலிவான எலைசாப் பெட்டியின் எண்ணை அந்த நுட்பமான எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் எந்த ஆய்விலும் ஏற்கக் கூடாது. எந்த வேளையில், எந்த உணவுக்குப் பின், எந்தக் கலத்தில், எவ்வளவு நேரத்துக்குள் மாதிரியை எடுத்துக் குளிரில் வைக்க வேண்டுமென்ற விதி எளிய தமிழில் அச்சாகி, ஒவ்வொரு களப்பணியாளரின் கையிலும் இருக்க வேண்டும். மேலூர் வட்டாரத்தில் குவாரியிலும் கிரஷரிலும் உழைத்தவர்கள், விறகடுப்பில் சமைப்பவர்கள், பூச்சிமருந்து அடிப்பவர்கள் ஆகியோரிடமும், அவர்களோடு ஒப்பிடத்தக்க ஏனையோரிடமும் அடிப்படை அளவு ஒன்றை இப்பொழுதே எடுத்து வைக்க வேண்டும்; அடிப்படை இல்லாவிட்டால், நாளைக்கு இங்கே எந்தப் புதிய தொழில் வந்து எந்தத் தீங்கைச் செய்தாலும், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட நம்மிடம் ஒன்றும் இராது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் வகுத்த ஊட்டச்சத்துப் பொருள்களுக்கான விதிகளின்கீழ், ஒரு சிறுநீர்ப் பரிசோதனையின் எண்ணைக் காட்டி மாத்திரை விற்பதைத் தவறான விளம்பரமாகக் கருதி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவுகள் மாதிரி கொடுத்தவர்களிடமே திரும்பி வர வேண்டும். ஆங்கிலப் பத்திரிகையில் அச்சேறியதோடு ஆராய்ச்சியின் கடமை தீர்ந்ததாகக் கருதும் வழக்கம் நம் நாட்டில் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. கண்புரை ஆய்வுக்கு ஐந்து வருஷம் மாத்திரை விழுங்கிய கிராமத்தார் பெற்றுத்தந்த பாடம் இன்றைக்கு அதே வட்டாரத்து மருந்துக்கடையில் எவருக்கும் தெரியாமல் இருப்பது அந்த வழக்கத்தின் பலனே. கிராம சபை கூடும் நாளில், அந்த ஊரின் கூட்டு எண் என்ன, பக்கத்து ஊரினுடையது என்ன, வேறுபாட்டுக்குக் காரணமாகத் தோன்றுவது எது, அதை விலக்க யார் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் விளக்கிச் சொல்வதை ஆய்வின் ஓர் அங்கமாகவே விதிக்க வேண்டும். அவ்விதம் செய்ய மறுக்கும் ஆய்வுக்குப் பொதுப்பணம் கொடுக்கலாகாது. தம் உடம்பின் சாட்சியத்தைத் தந்தவர்கள் அதன் தீர்ப்பைக் கேட்பதற்கும், அந்தத் தீர்ப்பைக்கொண்டு தம் பணியிடத்தைத் திருத்தக் கோருவதற்கும் உரிமையுடையவர்கள். அந்த உரிமையைச் சட்டமாக்கிக் கொடுத்த பிறகே, திருவாதவூரின் எந்த வாசலிலும் நின்று ஒரு குப்பியை நீட்டுவதற்கு அரசாங்கத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் யோக்கியதை உண்டு.